கையில் வாங்கியவள்

மாணவியர் விடுதி
செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டெலி எழுதுவது. நான் நலம். நீயும், உன் வயிற்றுக்குள் காலாட்டிக்கொண்டிருக்கும் ஆளும் நலமாக இருக்க வேண்டும். அத்தானின் சமையல் எந்த அளவில் இருக்கிறது? சோறு குழைந்து பசையாகிவிட்டது, அந்தப் பசையில்தான் உறையை ஒட்டினேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். முகர்ந்து பார்த்தேன். நீ பொய் சொல்லவில்லை.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதமும் வர முடியாது போலிருக்கிறது. என்னைப் பல் எடுக்கும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். விடுப்பு என்று வாயைத் திறந்தாலே, சொத்தைப் பல்லைப் பார்த்த மாதிரி பேராசிரியர் முகத்தைச் சுளிக்கிறார். செய்முறைத் தேர்வும் நெருங்கிவிட்டது. நான் இன்னும் ஒரு பல்கூட எடுக்கவில்லை. என் முறை வரும்போதெல்லாம் "நீ எடுடா, நான் வெளிச்சம் புடிக்கிறேன்" என்று கூடப் படிக்கும் நெட்டையிடம் தள்ளிவிடுகிறேன். கல்லூரியில் என்னைவிட நன்றாக விளக்குப் பிடிக்க ஆளில்லை.

இன்னொரு செய்தி. வரும் சனி, ஞாயிறு நாங்கள் மூன்று பேர் பெருநகரத்துக்குப் போகிறோம். நெட்டை, நான், என் அறைத்தோழி உம்மணாமூஞ்சி. அவள் கத்தோலிக்கப் பெண். அங்கே பல நூறு வருஷத்துப் பழைய கோயில்கள் இருக்கின்றனவாம். சர்ச்சை அவள் கோயில் என்றுதான் சொல்வாள். அதில் ஒன்றில், பல்வலிக்காரர்களுக்குப் பாதுகாவலியான ஒரு புனிதையின் படம் இருக்கிறதாம். "பரீட்சைக்கு முன்னாடி அவங்களப் பாத்துட்டு வந்துரணும்" என்கிறாள். "அவங்க பல்லு வலிக்கிறவங்களுக்குத்தான? பல்லப் புடுங்குறவங்களுக்குமா?" என்று நெட்டை கேட்டான். "பயந்து கெடக்குற எல்லாருக்கும்தான்" என்றாள். சிரிக்கவேயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சுண்டெலி


வீடு
செப்டம்பர் 8

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம். நாள் முழுக்கப் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது அடுப்படிக்குப் போகவே அனுமதி வேண்டியிருக்கிறது. உன் அத்தான் நேற்று கத்தரிக்காய் நறுக்கினார். விரலில் கட்டுப் போட்டிருக்கிறார்.

போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில்தான் முழுசாகப் பேசுகிறாய் என்பதால் நானும் எழுதியே கேட்கிறேன். அக்காவைப் பார்க்க உனக்கு விடுப்பு இல்லை. சனி, ஞாயிறு கோயில் பார்க்க மட்டும் எங்கிருந்து வந்தது? கோடை விடுமுறைக்கு ஆய்வு என்றாய். அதற்கு முன்னால் அறைத்தோழிக்குக் காய்ச்சல் என்றாய். நான் என்ன, நேற்றுப் பிறந்தவளா?

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாமல் பதில் எழுது. போன தடவை எனக்கு நடந்தது ஒட்டுவாரொட்டியா? என் பக்கத்தில் வந்தால் உனக்கும் ஒட்டிக்கொள்ளுமா? தெருவில் சில பேர் அப்படித்தான் ஒதுங்கிப் போகிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நீயும் அந்த வரிசையில் நின்றால் எனக்குத் தாங்காது. அம்மா போன பிறகு உனக்குத் தலை பின்னிவிட்டவள் நான்.

நல்லபடியாகப் போய் வா. நகரத்தில் கூட்டம் இருக்கும், பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்.

அக்கா


மாணவியர் விடுதி
செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்து எழுத முடியாமல், அதைப் பைக்குள் வைத்துக்கொண்டே நகரத்துக்குப் போய்விட்டேன். பையை முன்பக்கமாகத்தான் மாட்டியிருந்தேன்.

போய் வந்த கதையைச் சொல்கிறேன். நீ கேட்டதற்குப் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதல் கோயில் கல்லால் கட்டிய மலை. கூரையை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. சுவரெல்லாம் புனிதர்களின் சுரூபங்கள். நான் என் தொழில் புத்தியில் வாய்களையே பார்த்துக்கொண்டு போனேன். புனிதர்கள் ஒருவர்கூடப் பல் தெரியச் சிரிக்கவில்லை. "எல்லாரும் உங்க சொந்தக்காரங்களாடி?" என்று உம்மணாமூஞ்சியைக் கேட்டேன். முதல்முறையாக அவள் பல்லைப் பார்த்தேன். வரிசையான பல். இரண்டாவது கோயிலில் மணிக்கூண்டுக்கு ஏறும் வாசலில் நெட்டை தலையை இடித்துக்கொண்டான். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

மூன்றாவது சந்துக்குள் இருந்த சின்னக் கோயில். பல்வலிப் புனிதை அங்கேதான் இருந்தார். புகைபடிந்த படம், கையில் குறடு, குறட்டில் ஒரு பல். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பின்னால் ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்தது. பெண் குழந்தை. சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றியதும் கத்த ஆரம்பித்தது. சடங்கு முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அதன் அண்ணன்காரன் கம்பியைத் தாண்டிப் பீடத்தின் மேல் ஏறப் போனான். குழந்தையின் அம்மா பதறிப்போய், பக்கத்தில் நின்ற என்னிடம் "இவளக் கொஞ்சம் வாங்கிக்கோங்க" என்று குழந்தையை நீட்டிவிட்டு ஓடினாள்.

அக்கா, இதை உனக்கு இப்போது எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதாமல் இருந்துதான் உன்னை இப்படிக் கேட்க வைத்துவிட்டேன்.

போன தடவை உன்னை மயக்கத்தில் வைத்திருந்தார்கள். அத்தான் ரத்தம் வாங்க ஓடியிருந்தார். பிரசவ அறை வாசலில் நான் ஒருத்திதான் நின்றேன். நர்ஸ் குழந்தையைப் பச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து "வாங்கிக்கோங்க" என்றாள். மூச்சு வரவைக்க உள்ளே எல்லாம் செய்து பார்த்து முடித்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். உடம்பு சூடாக இருந்தது. தலை நிறைய முடி. உன் மூக்கு. அசைவே இல்லை என்று உறைத்ததும், "அழுடி தங்கம், ஒரு தடவ அழு" என்று கெஞ்சிக்கொண்டு நின்றேன். பிறகு டாக்டர் வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். அத்தான் வரும்போது நான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் எந்தக் குழந்தையையும் தொடவில்லை. டாக்டர்களுக்குக் கைராசி என்று சொல்கிறார்களே, என் கை ராசியில்லாத கை என்று முடிவுகட்டிவிட்டேன். நீ மறுபடி உண்டாகியிருப்பதாகச் சொன்ன நாளிலிருந்து, உன் பக்கத்தில் வந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் எட்டி நின்றேன். ஒட்டுவாரொட்டி நீ இல்லை. நான் என்று நினைத்தேன். படித்த பெண் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதே. படிப்பு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

அந்தக் குழந்தை என் காதோரம் கத்தியது. காது அடைத்துப்போனது. ஈரத்தலை என் கழுத்தில் முட்டியது. கத்தக் கத்த எனக்கு உயிர் வந்தது. அந்த அம்மா பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயந்துட்டீங்களா? இவ இப்படித்தான், ஊரக் கூட்டிருவா" என்றாள். "கத்தட்டும்ங்க. நல்லா கத்தட்டும்" என்றேன். குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அழுதேன். உம்மணாமூஞ்சி என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துக் கைக்குட்டையைக் கொடுத்தாள். நெட்டை எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்து அழுதான். வீங்கிய நெற்றியோடு அவன் அழுததைப் பார்த்து மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

நேற்று ஒரு லாரி டிரைவருக்குக் கடைவாய்ப் பல் எடுத்தேன். வெளிச்சம் பிடித்தது நெட்டை. டிரைவர் துப்பிவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

தேர்வு முடிந்த அன்றே வண்டி ஏறுகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன்.

உன்
சுண்டெலி


மருத்துவமனை
செப்டம்பர் 23

என் கண்ணே சுண்டெலி,

குழந்தை பிறந்ததை அத்தான் போனில் சொல்லியிருப்பார். பெண், எடை கொஞ்சம் குறைவு, இரண்டு பேரும் நலம். அவரால் சொல்ல முடியாததை நான் எழுதுகிறேன். டாக்டர் குறித்த தேதிக்கு முன்பே, யாரையும் கேட்காமல் வந்துவிட்டாள். முழுசாக வெளியே வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ், "சத்தத்தப் பாரு, சண்டைக்காரி" என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

உன் கடிதம் முன்பே வந்திருக்கிறது. உறையின் கனத்தைப் பார்த்துப் பயந்துபோன உன் அத்தான், தலையணை உறைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, பிறந்த மறுநாள்தான் கொடுத்தார். நான் வாசித்தேன். பிறகு அவருக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். இரண்டு வருஷமாக என் கண்ணுக்குள் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று மட்டும்தான் எனக்குச் சொன்னார்கள். அவளை எங்கே வைத்திருந்தார்கள், யார் பார்த்தார்கள் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் தட்டு என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஆறிப்போன தட்டில் என் பிள்ளை தனியாகக் கிடந்தாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கவுன்டரில் சில்லறை எண்ணும்போதுகூட அந்தத் தட்டு வந்து நிற்கும்.

சூடாக இருந்தாள் என்று எழுதியிருக்கிறாய். என் மூக்கு என்று எழுதியிருக்கிறாய். தங்கம் என்று கூப்பிட்டிருக்கிறாய். ஒருத்தி அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். பைத்தியக்காரி, இதைப் போய் ராசியில்லாத கை என்கிறாயே. அந்தக் கை இல்லாவிட்டால் அவளுக்கு யார் இருந்தார்கள்?

அன்றைக்கு மத்தியானம் நான் தூங்கினேன். இரண்டு வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை. குழந்தை கத்தியதுகூடக் கேட்கவில்லையாம், அத்தான்தான் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

தேர்வை ஒழுங்காக எழுதிவிட்டு வா. முடிந்தால் நெட்டையையும் உம்மணாமூஞ்சியையும் கூட்டிக்கொண்டு வா, வீட்டில் இடமிருக்கிறது, அத்தான் சமையலைச் சாப்பிட அவர்களுக்குத் துணிச்சல் இருந்தால். வந்ததும் இவளை உன்னிடம் கொடுத்துவிட்டு நான் குளிக்கப் போவேன். அவசரமில்லாமல் குளிப்பேன்.

ஒன்று எழுதாமல் விட்டுவிட்டாய். அவளுக்குத் தலை நிறைய முடி என்றாயே, அது சுருட்டையா, நேர் முடியா? போனில் சொல்லாதே. பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

உன்
அக்கா