எதிர்ப்பக்கம் சுழலும் தூசி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை. நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல், கட்டுகிற பாலத்தின் மேல் ஏறும்போது இடுப்புப் பட்டையை மறக்காமல் மாட்டிக்கொண்டு, நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதே, கெட்ட சேதி இல்லை. போனில் நமக்குள் பேச்சு சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதைத் தாண்டி நகர்வதில்லை, இது கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம், நடுவில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டால் சொல்லவந்தது எனக்குப் பாதியிலேயே நின்றுவிடும்.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைக் கக்குகிறது, குழாய்க்காரர் இரண்டு தரம் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். அந்தக் குழந்தை தடதடவென்று ஓடுகிற சத்தம் தாங்கவில்லை என்று உன்னிடம் எத்தனை தரம் புலம்பியிருப்பேன், இப்போது சத்தமில்லாத கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஆளுக்காக அடுப்பு பற்றவைக்கச் சோம்பலாக இருக்கிறது, வாரத்தில் நாலு நாள் ரொட்டியும் முட்டையும்தான். அம்மாவே அப்படித்தானே என்று நீயும் காலைச் சாப்பாட்டைத் தட்டிக் கழிக்காதே.

விஷயம் சாக்பீஸ் மாமாவைப் பற்றியது. இந்தப் பெயரை நம் வீட்டில் சொல்லிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சட்டைக் கை முழுக்க வெள்ளையாகத் திரிகிறாரே என்று நீ வைத்த பெயர்தான், பிறகு எங்கள் துறையில் எல்லோருக்கும் அதுவே ஆகிவிட்டது. உன் ஒன்பது வயதில் அப்பா போன பிறகு உனக்கு சைக்கிள் சொல்லிக்கொடுத்தவர் அவர், கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர், பள்ளிக்கூடம் விட்டு நேராக அவர் வீட்டுக்குப் போய், அத்தை கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிப்போவாய், நான் வேலை முடிந்து வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வருவேன். பதினைந்து வயதில் ஒருநாள் இனி அங்கே போகக்கூடாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாய். பெரியவர்கள் விஷயம் என்று வாயை அடைத்தேன். அந்தப் பெரியவர்கள் விஷயம் என்ன என்பதை இப்போது சொல்கிறேன்.

நட்சத்திரம் பார்க்கிற வேலை என்று ஊர் என்னை நினைக்கிறது, நானோ வானத்தை நிமிர்ந்து பார்த்து மாதக்கணக்காகிறது, பகல் பத்து மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தால் ஐந்து மணிக்குக் கண் எரிச்சலோடு எழுந்திருக்கிறேன், அவ்வளவுதான். நானும் மாமாவும் பார்த்தது வயதான விண்மீன் மண்டலங்களை. கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்து கிடப்பதுதான் ஒரு மண்டலம். சிலவற்றில் இன்னும் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும், சிலது முட்டை மாதிரி உருண்டு, சிவந்து, பிறப்பெல்லாம் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும். கிழடுகள் என்போம் செல்லமாக. நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயுவும் தூசியும் வேண்டும், கிழடுகளிடம் அது தீர்ந்துபோயிருக்கும் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் சில கிழடுகளின் நடுவில் கறுப்பாக ஒரு தூசிப் பட்டை தெரியும், அங்கே ஒன்றிரண்டாகப் புதுசும் பிறக்கும். எவை அப்படி என்று பார்த்தால் அக்கம்பக்கம்தான் காரணம். நெரிசலான கூட்டத்தில் இருக்கிற கிழடுகளிடம் தூசி அநேகமாக இல்லை, ஏனென்றால் கூட்டத்துக்குள் கொதிக்கிற வாயு நிரம்பியிருக்கிறது, அது தூசியை அரித்துவிடும், குளிர்ந்த வாயுவையும் உரித்துக்கொண்டு போய்விடும். தனியாகக் கிடப்பவற்றிடம்தான் அதிகம். இதுவரைக்கும் மாமாவும் நானும் ஒரே கட்சி. அந்தத் தனிக்கட்டைக்குத் தூசி எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. அதன் பழைய நட்சத்திரங்களே உதிர்த்தது, கெடுக்க ஆளில்லாததால் தங்கிவிட்டது என்றேன் நான். இல்லை, வெளியிலிருந்து ஏதோ ஒரு சின்ன மண்டலம் வந்து விழுந்து கொடுத்தது என்றார் அவர்.

இதற்கா பன்னிரண்டு வருஷம் என்று நீ சிரிப்பாய். வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்த கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் அவர் எழுந்தார். "இது அளவு இல்லம்மா, ஆசை" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "வீட்டுல தனியா இருக்கிறவங்களுக்கு, எல்லாம் தானா வந்துடும்னு நம்பத்தான் தோணும்" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்த மாதிரி காட்டிக்கொண்டு தாள்களை அடுக்கினேன். அன்று சாயங்காலமும் அதற்கடுத்த இரண்டு நாளும் அவர் நம் வாசலில் வந்து நின்றார். நான் கதவைத் திறக்கவில்லை. நீ வீட்டுப்பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப்பின் எட்டு வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்தோம், அவர் இருமுவது எனக்குக் கேட்கும், ஒரு வார்த்தை பேசவில்லை. ஓய்வு பெற்றுப் போனபோதும் பேசவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தை தவறியபோது அவர்கள் தெருவரைக்கும் போனேன், எதிரே மருந்துக்கடை ஓரத்தில் கால் மணி நேரம் நின்றேன், வீட்டுக்குள் போகிறவர்களைப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் புதிய அளவீடுகள் வந்தன. ஒரு மண்டலத்துக்குள் நட்சத்திரங்கள் எந்தப் பக்கமாகச் சுற்றுகின்றன, தூசியோடு இருக்கும் வாயு எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுபவை. நான் சொன்னபடி சொந்த நட்சத்திரங்கள் உதிர்த்ததென்றால் இரண்டும் ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். என்னிடமிருந்த தனிக்கட்டைகள் பதினாலு. அதில் ஒன்பதில் வாயு ஏறுக்குமாறாகச் சுற்றுகிறது, அந்த ஒன்பதிலும் நாலில் நேர் எதிர்ப்பக்கம். வீட்டில் விளைந்த சரக்கு அப்படிச் சுற்றாது, வெளியே இருந்து வந்ததுதான் சுற்றும். கூட்டல் குறி கழித்தல் குறி எங்காவது புரண்டிருக்கும் என்று மூன்று வாரம் ஒவ்வொரு வரியாகத் தேடினேன். புரளவில்லை. புரண்டது நான்தான். துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன், "பழைய கட்டுரைய யாரு மேடம் இப்ப எடுத்துப் பாக்கப்போறாங்க, இதப் புதுசா கண்டுபிடிச்சதா எழுதுங்க, முடிஞ்சது" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் பதினோரு பேர் முன்னால் நின்று, நான் எழுதியது தவறு, இன்னார் அன்றைக்கே சரியாகச் சொன்னார் என்று அவர் பெயரைச் சொன்னேன். பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. கேள்வி ஒன்றும் வரவில்லை, டீ ஆறிவிடும் என்று எழுந்து போனார்கள். காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், இதைக் கேட்க வேண்டியவர் இங்கே இல்லை என்று உறைத்தது.

மறுநாள் படங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாதி சாமான் அட்டைப் பெட்டிகளில் கட்டிக் கிடந்தது. மெலிந்துவிட்டார், வலது காது கேட்பதில்லை. என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று, பிறகு "உள்ள வாம்மா, செருப்போடயே வா, தரையெல்லாம் தூசி" என்றார். நான் படங்களை நீட்டினேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பதினாலையும் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வார், சொல்லட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். "கூட்டத்துல இருக்கிறதெல்லாம் எப்படிச் சுத்துது?" என்று கேட்டார். அங்கே இருக்கிற கொஞ்சநஞ்சம் நட்சத்திரங்களோடு ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது என்று அவர் இடது காதுப் பக்கம் குனிந்து சொன்னேன். "அப்ப கூட்டத்துக்கு நீ சொன்னதுதாம்மா சரி. அங்க வெளியிலேருந்து யாரும் வந்து குடுக்க முடியல, அதது தன்னோடத வெச்சு ஒப்பேத்துது" என்றார். உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, "உன் தப்பு கணக்குல. என் தப்பு வாயில. கணக்கத் திருத்திட்ட, வாய என்ன பண்றது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை சாவுக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். "மருந்துக்கடை வாசல்ல நின்ன, பார்த்தேன்" என்றார்.

கிளம்பும்போது பேச்சுவாக்கில், "பையன் பாலம் நடுத்தூண் வரைக்கும் வந்துடுச்சாமே" என்றார். எனக்கே தெரியாத சேதி. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசுறானே, காலேஜ் போனதுலேருந்து. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். உன் முதுகுவலி அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ விரும்பிய பெண்ணோடு பேச்சு முறிந்து மாதக்கணக்கில் சரியாகத் தூங்காமல் இருந்தது தெரிந்திருக்கிறது. பத்து மணிக்கு என்னிடம் நன்றாக இருக்கிறேன் என்பாய், பத்தரை மணிக்கு இரண்டு தெரு தள்ளி அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாய். முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. வீடுவரை நடந்து வருவதற்குள் அது கரைந்து, பத்து வருஷம் என் பிள்ளையைத் தனியே விடாமல் ஒரு ஆள் இருந்திருக்கிறார் என்று மட்டும் நின்றது. அதை நீ ஒளித்துவைக்க வேண்டியதாகிவிட்டதே என்பதுதான் எனக்குத் தாளவில்லை. என் கோபத்துக்கு விலை கொடுத்தது நீ. அம்மாவை மன்னித்துவிடு.

இந்த மாசக் கடைசியில் அவர் வீட்டை ஒப்படைத்துவிட்டு அக்கா வீட்டோடு போகிறார், ரயிலில் பத்து மணி நேரம். சேர்ந்து பேசக் கிடைத்தது இன்னும் மூன்று ஞாயிறு. மூன்றுக்கும் நம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். அதற்குப்பின் இந்த ஊரில் எனக்குப் பேச ஆள் யார் என்று இப்போது நினைக்கவில்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடு, முதுகை அலட்சியம் செய்யாதே. ராத்திரி தூக்கம் வராவிட்டால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய், நான் எடுப்பேன். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் இரு.

இந்த ஞாயிறு எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கூப்பிட வேண்டாம், பத்து மணிக்கு ஒரே அழைப்பு போதும். போனை மேஜை நடுவில் வைக்கிறேன், அவருக்காகக் கொஞ்சம் உரக்கப் பேசு. எனக்குப் பேச்சு வராமல் போனால் வைத்துவிடாதே, அப்படியே கொஞ்ச நேரம் லைனில் இரு.

என்றும் உன் நினைவாக,
அம்மா