நங்கூரம் என்று நினைத்தோம்

அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க இன்று காலை ஆரணியில் நீ வகுப்பெடுத்த அந்தப் புடவைக் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள், பிரித்துப் போட்ட குவியலைத் தள்ளிவிட்டு, "இன்னாமா, இதான் உங்க கடையில இருக்குதா?" என்றார். விற்பனைப் பெண் தன் இடது கையை, முழங்கைக்குச் சற்று மேலே, இறுகப் பிடித்து அழுத்தினாள். என் கையிலிருந்த புடவை நழுவி விழுந்தது.

"கை வலிக்குதாம்மா?"

"அய்ய, இல்லீங்க மேடம். இது எங்க கிளாஸ் மேடம் சொல்லிக் குடுத்ததுங்க. நங்கூரம். புடிச்சா மனசு அடங்கிடும்."

நீ போய் நான்கு மாதமாகிறது. உன் நங்கூரம் அந்தக் கடையில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பல்கலைக்கழக விடுதியில் நமக்கு ஒரே அறை. நான் புள்ளியியல், நீ உளவியல். பல வருடம் கழித்து, சென்னைக்குப் போய் என்.எல்.பி. கற்றுக்கொண்டு வந்தாய். நரம்பியல் மொழி நிரலாக்கம் என்று நீ விரித்துச் சொன்னதும், "சம்பந்தமில்லாத மூணு பேர ஒரே ஆட்டோவுல ஏத்தின மாதிரி இருக்குதேடி" என்றேன். கோபம் வரவில்லை உனக்கு. அந்தப் பெரிய சொற்களையெல்லாம் கடைப் பெண்களுக்காகச் சின்னதாக்கி வைத்திருந்தாய். வாடிக்கையாளர் உட்காரும் விதத்தையும் பேசும் வேகத்தையும் நாமும் மெல்லப் பின்பற்றினால் இருவருக்குள்ளும் ஒட்டுதல் வரும்; அது 'கண்ணாடி'. ஒரு நல்ல நேரத்தை மனதுக்குள் முழுதாகக் கொண்டுவந்து, அப்போது உடம்பில் ஓரிடத்தை அழுத்திவைத்தால், பிறகு அங்கே தொடும்போதெல்லாம் அந்த நேரம் திரும்பும், அது 'நங்கூரம்'.

"ஆதாரம் எங்கடி?" என்பேன்.

"கடையில வந்து பாரு, புடவை விக்குது."

"அதுக்குப் பேரு ஆதாரம் இல்ல. வியாபாரம்."

உன் நங்கூரம் இடது மேல்கை. பிறந்த மகளை முதன்முதலில் அந்தக் கையில் வாங்கிய நேரத்தை அங்கே வைத்திருப்பதாகச் சொன்னாய். மேடையேறுமுன், கணவரோடு வாக்குவாதத்தின் நடுவில், பல் டாக்டரின் நாற்காலியில், எங்கும் அதைப் பிடிப்பாய். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது.

"ஒரு வாட்டி வந்து உக்காந்து பாரு, அப்புறம் திட்டு" என்று நீ கூப்பிட்டதால்தான் அன்று வந்தேன். கடையின் மாடி. புடவைக் கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்துப் பெண்கள். நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். கண்ணாடிப் பயிற்சி முடிந்தது. நீ இடது கையைப் பிடித்தாய். அவர்களும் பிடித்தார்கள்.

"மேடம், மூஞ்சி மேலயே பொடவைய வீசினாகூட இத அமுக்கினா சரியா பூடுங்களா?" என்றாள் ஒருத்தி.

"பூடும்டி. வீசினவங்களே வந்து வாங்குவாங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள்.

உனக்கு வியர்த்திருந்தது. மறுபடியும் கையைப் பிடித்தாய், இன்னும் இறுக்கமாக. அவர்களும் அப்படியே. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாய். அவர்களும் சாய்ந்தார்கள். நீ கண்ணை மூடினாய். அத்தனை பேரும் மூடினார்கள்.

என் கண் மட்டும் திறந்திருந்தது. நன்றாகத்தான் நடத்துகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. முன்வரிசைப் பெண்ணொருத்தி ஓரக்கண்ணால் பார்த்துத் தானும் சரித்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு.

எதிரில் இருப்பவரின் மூச்சு எங்கே ஏறுகிறது, முகம் எப்போது வெளுக்கிறது என்று கவனிக்க நீ பழக்கிய கண்கள் அந்தப் பெண்களுடையவை. என் கண்ணோ எதையும் நம்பாதது. ஆனால் கையைப் பிடிக்கும் அந்தச் செயலுக்கு ஏற்கெனவே நங்கூரம் என்று ஒரு பெயர் வைத்தாகியிருந்தது. பெயர் தெரிந்த பிறகு யாரும் அதற்குமேல் பார்க்கவில்லை. உன் வித்தை உன்னைக் கொன்றது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை, சொல்லவும் மாட்டேன். அந்தக் கையைப் பிடித்தபோது உனக்கு வந்தது வலியா, மகளின் எடையா, இரண்டுமா? அதுதான் தெரியவில்லை.

உன் பாடங்களில் நான் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்டது ஒன்றுண்டு. யாராவது பொத்தாம்பொதுவாக ஒன்றைச் சொன்னால், அதில் விட்டுப்போனதைக் கேள் என்பாய். எது, எங்கே, எப்போதிலிருந்து. கடையை விட்டு வெளியே வந்ததும், வேலூர் விடுதியில் தங்கிப் படிக்கும் உன் மகளுக்குப் போன் செய்தேன்.

"நல்லாகீறேன் ஆன்ட்டி" என்றாள். நான்கு மாதமாக அதையே சொல்கிறாள். நானும் சரிம்மா என்று வைத்துவிடுவேன்.

இன்று வைக்கவில்லை. "நல்லான்னா எப்படி? காலைல இன்னா சாப்ட்ட?"

"அது வந்து ஆன்ட்டி..." என்று இழுத்தாள்.

"கடைசியா காலேஜுக்கு எப்ப போன?"

"ரூம விட்டு வெளிய போவ முடியல ஆன்ட்டி" என்றாள்.

"எப்பத்திலேருந்து?" என்றேன். அழ ஆரம்பித்தாள்.

வேலூர்ப் பேருந்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்தக் கேள்விகளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். மற்றதைப் பற்றிய நம் சண்டை அப்படியே இருக்கட்டும்.