இடம் விடாமல் அடுக்கியவன்

பேரனுக்கு வாங்கிய பட்டாசுப் பெட்டியைத் திறந்தேன். விரல் நுழைய இடமில்லாத அடுக்கு. மருந்து நெடி மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய். உன் ஊர் ஏழாயிரம்பண்ணையில் அப்படித்தான் அடுக்குவார்கள். "காலி இடம் விட்டா வண்டி குலுங்கையில உரசும்லே" என்பாய்.

அறுபதுகளின் கடைசியில் நாம் சென்னையில் ஒன்றாக வேலை பார்த்த கம்ப்யூட்டருக்கும் நீ அப்படித்தான் புரோகிராம் எழுதினாய். அதன் நினைவகம் கையகலம்தான். மாணவர்களின் மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்க இடம், ஒன்றை ஒட்டி அடுத்தது. அது மேலதிகாரியே போட்ட உத்தரவு. அடுக்கும் பகுதி உன்னுடையது, அதை எடுத்து அச்சடிக்கும் பகுதி அவருடையது.

பெரிய மனிதர்கள் பார்க்க வந்த அன்று, கணக்கில் நாற்பத்தைந்தும் இயற்பியலில் அறுபத்திரண்டும் வாங்கிய மாணவனுக்கு 4562 மதிப்பெண் என்று மெஷின் அச்சடித்தது.

"பட்டாசுக்காரன் சார்! நம்பரையும் பொட்டலம் கட்டி வச்சிருக்கான்" என்று உன்னைக் காட்டினார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரிக்கப் பார்த்தாய், வாய் கோணிக்கொண்டது. வேலை போனது.

"நான் ஒட்டி அடைச்சதுதாம்லே தப்பு" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாய். ஊரில் மறுபடி பட்டாசு அடுக்கப் போனாய்.

நீ போன பிறகு வேறொருவர் எழுதியதிலும் எண்கள் அதேபோல் ஒட்டிக்கொண்டன. பிரித்துப் பார்த்தோம். அதிகாரியின் பகுதி இரண்டு இலக்கம் எடுக்க வேண்டிய இடத்தில் நான்கை அள்ளிக்கொண்டிருந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்பா. அத்தனை பேர் எதிர்ல நான் தலை குனியணுமா?" என்றார் அதிகாரி. அந்த ஆள் பென்ஷன் வாங்கி, நிம்மதியாகத் தூங்கித்தான் செத்தார்.

உன்னிடம் சொல்ல ஓடிவந்தேன். சாத்தூரிலிருந்து வந்த பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நீ வேலை பார்த்த கொட்டகை வெடித்துக் கூரை போயிருந்தது. உன்னைத் துணியில் கட்டி வைத்திருந்தார்கள்.

பட்டாசுக் கம்பெனி முதலாளி போலீஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மெட்ராஸ்லயே தப்புப் பண்ணித் துரத்திவிட்ட பய சார். இங்கன மட்டும் ஒழுங்கா அடுக்கியிருப்பானா?"

உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் மேல தப்பு இல்லம்மா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எதய்யா சொல்லுதீக? அங்கன உள்ளதா, இங்கன உள்ளதா?"

அங்கே நடந்ததற்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது.

பேரன் பெட்டியைக் கேட்டு நிற்கிறான். நீ சரியாத்தான் அடுக்குனலே. இதை யார் கேட்டாலும் சொல்வதற்கு இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை.