இரண்டு வருடப் படிப்பும் ஒரு சீப்புப் பழமும்

நேற்று மாலை நாகல் நகரில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, பழக்கடைக்காரர் சிறுமலை வாழைத்தார் ஒன்றைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். வாசம் தெருவுக்கே வந்தது. தோல் கறுத்தால்தான் அது பழம் என்று என்னோடு எத்தனை முறை சண்டை போட்டிருப்பாய். யோசிக்காமல் ஒரு சீப்பு வாங்கிவிட்டேன். வீட்டுப் படி ஏறும்போதுதான், இதைத் தின்ன ஆளில்லை என்பது உறைத்தது. இவருக்குச் சர்க்கரை. ஜெனி சென்னையில். நீயோ போய் இரண்டு மாதமாகிறது.

பழத்தைப் பார்த்ததும் அழுதிருப்பேன் என்று நினைக்காதே. சிரித்தேன். இதே பழத்தில் ஒரு சீப்பும் ஒரு காலி பிளாஸ்க்கும் தூக்கிக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் போல நாம் இருவரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நுழைந்த கூத்துதான் நினைவுக்கு வந்தது. அதை இன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. கேட்டால் ரசிக்கக்கூடிய ஒரே ஆள் நீதான்.

இரண்டாயிரம் பிறந்திருந்த புதிது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் ஸ்டாஃப் நர்ஸ். ஒரே வருடம் டிப்ளமோ முடித்து, ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே டாக்டரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். நீ சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாய். எனக்கு நாகல் நகரிலேயே வீடு. கணவர் பள்ளிக்கூட வாத்தியார், மாமியார், நான்கு வயது ஜெனி. அப்போதுதான் பட்டம் முடித்த பெண்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். நேற்று வந்தவள் இன்று நமக்கு இன்சார்ஜ். ஊசியைப் பிடிக்கவே நம்மிடம் கேட்டுக்கொண்டு, டூட்டி போடும்போது மட்டும் நமக்கு நைட்டாகப் பார்த்துப் போடுவாள். எனக்கோ நர்ஸிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்று ஓர் ஆசை பள்ளிக்கூட நாளிலிருந்தே இருந்தது. டிப்ளமோவை வைத்துக்கொண்டு அது நடக்காது.

செய்தித்தாள் விளம்பரத்தை நீதான் கொண்டுவந்தாய். டிப்ளமோ முடித்தவர்கள் நான்கு வருடப் பட்டப்படிப்பை இரண்டே வருடத்தில் முடிக்கலாம் என்று போட்டிருந்தது.

"ஏண்டி செலின், ரெண்டே வருசம். கண்ண மூடித் தொறந்தா ஓடிப்போயிரும். போடுவமா?"

"புள்ளைய வச்சுக்கிட்டு எங்கிட்டுடி போறது?"

"மொதல்ல போடுவோம். வந்தபெறகு ஒப்பாரி வையி."

ஐந்து கல்லூரிகளுக்குப் போட்டோம். அனுபவச் சான்றிதழ் கொடுக்க நம் மேனேஜர் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. இன்று நாளை என்று இழுத்தார். கடைசியில் நீ டூட்டி முடிந்து அவர் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிற நோயாளிகளிடமெல்லாம் "சார்கிட்ட ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தாய். அன்று சாயங்காலமே கொடுத்துவிட்டார்.

இரண்டு இடங்களில் நம் இருவருக்கும் சீட் கிடைத்தது. ஒன்று பக்கத்திலேயே, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். புதுக் கட்டடம், வாசலில் நீரூற்று. இன்டர்வியூவில் நர்ஸிங்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் "எப்பச் சேர்றீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். இன்னொன்று மேற்கே, கோவைப் பக்கம். பழைய கல்லூரி. ஹாஸ்டலில் தங்கியாக வேண்டும். அங்கே கேட்ட கேள்விகளில் எனக்கு வியர்த்து ரவிக்கை நனைந்துவிட்டது.

என் வீட்டில் பேச்சே இல்லை. பக்கத்துக் கல்லூரி என்றால் படி, தூரம் என்றால் வேண்டாம். எனக்கும் அதுதான் சௌகரியம். காலையில் ஜெனிக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போகலாம், இருட்டுவதற்குள் வந்துவிடலாம். உனக்கு வேறு வழியே இல்லை. உன் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். தறியை நிறுத்தி ஒரு வருடமாகியிருந்தது. அவரைப் புரட்டிப் போடவும் குளிப்பாட்டவும் உன்னை விட்டால் ஆளில்லை. பக்கத்துக் கல்லூரி மட்டும்தான் உனக்கு முன்னால் இருந்த கதவு. ஆனாலும், "சேர்றதுக்கு முந்தி ஆஸ்பத்திரியப் பாத்துருவோம்" என்றாய். "பாடம் புஸ்தகத்துல இருக்குடி. படிப்பு கட்டில்லதான இருக்கு?"

அப்படித்தான் பழமும் பிளாஸ்க்கும் வந்தன. சும்மா போய் நின்றால் வாட்ச்மேன் விட மாட்டான் என்று நீ கண்டுபிடித்த யுக்தி. நீ சுங்குடிச் சேலை கட்டி, பொட்டைப் பெரிதாக வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாய். "எங்க சித்தப்பாவச் சேத்துருக்காகண்ணே" என்று நீ வாட்ச்மேனிடம் சொன்ன தினுசில் எனக்கே உன் சித்தப்பா மேல் கவலை வந்துவிட்டது.

உள்ளே போனால், அந்தப் பக்கத்துக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டு நிறைந்திருந்தது. எனக்குத் திருப்தி. உனக்குத்தான் ஏதோ இடித்தது. ஒரு கட்டிலிலும் கேஸ் ஷீட் இல்லை, மருந்து இல்லை, கூட ஒரு சொந்தக்காரர் இல்லை. விரிப்பில் மடிப்புக்கூடக் கலையவில்லை. ஓரத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவரிடம் போனாய்.

"என்னய்யா செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுஞ் செய்யல தாயி, நல்லாத்தான் இருக்கேன். இன்னைக்குப் பெரிய ஆபீசருக பாக்க வாராகளாம். செத்த நேரம் படுத்துக்கிட்டா மத்தியானம் பிரியாணின்னு சொல்லி வேன் வச்சுக் கூட்டியாந்தாக. அந்தப் பழத்துல ஒண்ணு குடு."

நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். நீ சிரிக்கவில்லை. பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் முகம் மாறியது. மறுபடி எண்ணினாய். நாடி விட்டுவிட்டு அடித்தது. அந்த வார்டிலேயே நிஜ நோயாளி அவர் ஒருவர்தான். அதுவும் அவருக்கே தெரியாது. "ஐயா, பிரியாணியத் தின்னுட்டு நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க. நெஞ்சுல கருவி வச்சுப் பாக்கச் சொல்லுங்க. போவீகளா?" என்று கேட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாய். சீப்பு முழுவதையும் அவரிடமே வைத்துவிட்டாய்.

திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். "விடுடி, பேருக்குப் படிப்போம், பட்டம் பட்டந்தானே" என்றேன். எனக்கு ஜெனி முக்கியம், உனக்கு அப்பா முக்கியம், அந்த இடம் நம் இருவருக்கும் வாகு என்றேன். நீ ஜன்னலைப் பார்த்தபடி, "ஆளே இல்லாத கட்டிலுக்கு விரிப்பு மாத்த ரெண்டு வருசம் படிக்கணுமா?" என்றாய். உனக்கிருந்த ஒரே கதவை நீயே சாத்திக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு அப்போது புரிந்ததா என்று கேட்டால், பாதிதான் புரிந்தது.

மறுவாரம் மேற்கே போனோம். வேறொரு சீப்பு, அதே பிளாஸ்க். "உன்னாலதான் வந்து சேர முடியாதே, பெறகெதுக்கு?" என்று கேட்டதற்கு, "நீ ஒத்தையில போனா வாசல்லயே திரும்பிருவ" என்றாய். சரியாகத்தான் சொன்னாய்.

அந்த ஆஸ்பத்திரியில் கால் வைக்க இடமில்லை. கட்டிலுக்கு ஒருவர், கீழே பாயில் ஒருவர். டெட்டால் வாசமும் சாம்பார் வாசமும் கலந்து அடித்தது. ஓர் அம்மாளின் குளுக்கோஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கூட இருந்த பெண், "சிஸ்டர் வாரேன்னாங்க" என்று கையைப் பிசைந்தாள். நாம் சொந்தக்கார வேஷத்தில் வந்திருப்பதை உன் கை மறந்துவிட்டது. குழாயைத் திறந்து மூடும் ரோலர் சக்கரத்தை ஒரு விரலால் உருட்டி மூடிவிட்டாய். மூடிய வேகத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரும்மா நீ? கை வைக்கச் சொன்னது யாரு?"

வார்டு சிஸ்டர். குட்டையான அம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நீ சளைக்காமல், "நான் இவுகளுக்குச் சித்தி முறை" என்றாய்.

"எந்தச் சித்தி ஒத்த வெரல்ல ரோலரை மூடுவா? எந்த ஆஸ்பத்திரி நீ?"

மாட்டிக்கொண்டோம். சீட் போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த அம்மா மூன்று மாணவிகளைக் கூப்பிட்டு நம்மைச் சுற்றி நிற்க வைத்தார். "மூடினது சரி. ஆனா வந்ததும் கை கழுவினாளா? இல்ல. மூடிட்டு யார்கிட்டயாவது சொன்னாளா? இல்ல. நல்லது செய்யறேன்னு நர்ஸ் பண்ற தப்பு இதுதான்" என்று நம்மை வைத்தே ஒரு பாடம் நடத்தி முடித்தார். பிறகு, "கைய கழுவிட்டுப் போங்க ரெண்டு பேரும்" என்றார். நான் வெட்கத்தில் கரைந்துகொண்டிருந்தேன். உன்னைப் பார்த்தால் உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கிழக்கே வரும் பஸ்ஸில் என் தொடையில் அடித்துச் சொன்னாய்: "திட்டுறதுக்கு ஆளு இருக்குற எடத்துலதான்டி படிக்கணும். நீ இங்கதான் சேருற."

"ஜெனி?"

"நான் இருக்கேன்ல."

அவ்வளவுதான் சொன்னாய். என் கணவரிடமும் மாமியாரிடமும் நீதான் வந்து பேசினாய். மாமியார் முகம் கொடுக்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து வந்து அவர் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, நான்காம் நாள் சம்மதம் வாங்கினாய். உன்னைப் போல ஒரு வக்கீல் எந்தக் கோர்ட்டிலும் இல்லை.

நான் போன பிறகு, டூட்டி முடிந்ததும் நாகல் நகருக்கு வந்து, ஜெனிக்குத் தலை சீவி, பாடம் சொல்லி, சோறு ஊட்டிவிட்டுத்தான் சின்னாளபட்டி பஸ்ஸைப் பிடிப்பாய். அதற்குப் பிறகு போய் உன் அப்பாவைப் பார்ப்பாய். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவளைப் பேசவைப்பாய். முதலில் அழுதாள். பிறகு கதை சொன்னாள். கதையெல்லாம் அத்தை, அத்தை, அத்தை.

முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தேன். கையை நீட்டினேன். பிள்ளை உன் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அந்த நொடியை எத்தனை வயதானாலும் மறக்க மாட்டேன். உன்மேல் எனக்குப் பொறாமை வந்தது. சும்மா இல்லை, வயிறு எரிந்தது. மறுநாள் வார்டுக்கே வந்து உன்னிடம் அழுதேன். படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், என் பிள்ளை போய்விட்டாள் என்றேன்.

நீ கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்தாய். "சின்னப் புள்ளைக்கு யாரு ஊட்டுறாகளோ அவுகதான்டி. லீவு முடியிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் வரல. நீ ஊட்டு. அழுதாலும் நீயே ஊட்டு."

வரவில்லை. கிறிஸ்துமஸ் பிரியாணிக்குக்கூட வரவில்லை. ஜெனி இரண்டு நாள் "அத்தை எப்ப வரும்" என்று வாசலைப் பார்த்தாள். மூன்றாம் நாள் என் மடியில் தூங்கினாள். நான் பஸ் ஏறும் நாளில்தான் ஸ்டாண்டுக்கு வந்தாய். என் இடுப்பில் இருந்தவளிடம் கையை நீட்டினாய். அவள் வர மாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உன் முகம் ஒரு கணம் சுருங்கியது. நான் பார்த்துவிட்டேன். அடுத்த கணமே சிரித்து, "பாத்தியா, நாந்தான் சொன்னேன்ல" என்றாய். அதன் பிறகு எந்த விடுமுறையிலும் எனக்குப் பயம் வரவில்லை.

படித்து முடித்தேன். பாடம் எடுக்கிறேன். நீ கடைசிவரை டிப்ளமோ சிஸ்டராகவே இருந்தாய். "பட்டம் வாங்குன மேடத்துக்கு ஒரு டீ" என்று கேன்டீனில் சத்தம் போட்டு என் மானத்தை வாங்கினாய். படிக்காத வருத்தம் உனக்கு இருந்ததா? ஒரு முறை கேட்டேன். "இருக்குடி. இருந்துட்டுப் போகுது" என்றாய். பொய் சொல்லாத உன் வாயை எனக்கு அன்றைக்கும் பிடித்தது.

நீ போன அன்று சென்னையிலிருந்து ஜெனி விடிவதற்குள் வந்துவிட்டாள். சின்னாளபட்டி வீட்டில் கூட்டம். உன் பெரியப்பா வகையில் ஒருவர், "வாய்க்கரிசி போடுற சொந்தக்காரங்க வாங்க" என்று கூப்பிட்டார். நான் ஓரமாக நின்றேன். நாங்கள் வேதக்காரர்கள், எங்களுக்கு அங்கே என்ன முறை என்று தயங்கினேன். ஜெனி தயங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அரிசிக்குக் கை நீட்டினாள். அரிசித் தட்டை வைத்திருந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாரு தாயி? என்ன முறை வேணும்?"

ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு முறைதான் பார்த்தாள். பிறகு, "மக" என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு வயிறு எரியவில்லை.

"ஆமாங்க," என்றேன். "அவ மகதான். வழி விடுங்க."