அண்ணன் கேட்ட வில்லோ பெட்டி

அண்ணா,

அண்ணி நேற்று கடைக்கு வந்து, வில்லோ மரக் குச்சியில் பின்னிய சவப்பெட்டி ஒன்றுக்கு உனக்காக ஆர்டர் கொடுத்தார்.

"ஆறு வருஷமா பேசாதவருக்கு என் கைவேலை மட்டும் வேணுமோ?" என்று கேட்டேன்.

"பேசினா சண்டை வருமாம். பெட்டின்னா வாயை மூடிட்டுப் படுத்துக்கலாமாம்."

சிரித்துவிட்டேன். இன்று காலையிலிருந்து இரண்டு முறை குச்சிகளை வளைய வைக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, பின்ன உட்கார முடியாமல் வெளியே எடுத்து வைத்துவிட்டேன். இன்னொரு முறை ஊறினால் அவை வீணாகிவிடும். டாக்டர் எத்தனை நாள் சொன்னார் என்று அண்ணியிடம் கேட்க வாய் வரவில்லை.

அண்ணி சீட்டில் எழுதித் தந்த உன் அளவை வைத்து நான் வேலை செய்ய மாட்டேன். அளவெடுக்க நீயே வர வேண்டும், வண்டி அனுப்புகிறேன். விலையில் சலுகை கிடையாது. நம் சண்டை முழுசாகத் தீரும்வரை ஒரு குச்சிகூடப் பின்ன மாட்டேன். சம்மதமென்றால் வா.

உன் தம்பி