டிக்கியில் ஒட்டாமல் விட்ட இடம்

மச்சான்,

கடையில் கார்த் தகரத்தில் ஒட்டும்போது ஹீட் கன் சூட்டில் டேம்பிங் ஷீட் இளகி அந்தத் தார் வாசனை கிளம்பினாலே இப்போதெல்லாம் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறேன். டீ வருவதற்குள் எழுந்து வந்துவிடுகிறேன். காரணம் நீங்கள்தான். நீங்கள் மறைக்கச் சொன்னதைப் போன வாரம் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் பழைய காருக்கு வூஃபர் மாட்டிய நாள் நினைவிருக்கிறதா? ஓசூரில் பாட்டுப் போட்டால் அத்திப்பள்ளியில் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தீர்கள். டிக்கித் தகரம் அதிராமல் இருக்க நான் ஷீட் ஒட்டிக்கொண்டே வந்தேன். நீங்கள் டிக்கி ஓரத்தில் உட்கார்ந்து, சக்கரத்துக்கு மேலே உள்ள தகரத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தீர்கள். ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து, வூஃபரைப் பார்த்து, "ஏன்டா நின்னுபோச்சு?" என்றீர்கள். என் குரல் உங்களுக்குக் கேட்கவேயில்லை.

"கம்பெனி பிரஸ் ஷாப்புல, தகரம் அடிக்கிற மெஷின்கிட்ட நின்னு நின்னு காது போயிருச்சுடா. பாட்டெல்லாம் கையிலதான் கேக்குது. இந்த எடத்த மட்டும் ஒட்டாம உட்டுரு" என்றீர்கள். கூடவே, "உங்கக்காளுக்குச் சொல்லிராத. தெரிஞ்சா மெஷின் பக்கமே போக விடமாட்டா."

கெட்டிக்காரர்தான் நீங்கள். எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்தே சமாளித்துவிடுவீர்கள். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால்தான் அகப்படுவீர்கள். அதற்கு அக்கா வைத்த பெயர் திமிர்.

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன பிறகு, அக்கா அந்தக் காரில்தான் கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போகிறாள். போன வாரம் கடைக்கு வந்தாள். "டிக்கி டரடரன்னு அடிக்குதுடா. சூளகிரி தாண்டறதுக்குள்ள தலவலி வந்துருது. பாதி ஒட்டிட்டு உட்டுட்டியா?"

ஷீட்டை வெட்டி எடுத்தேன். ஒட்டக் கை வரவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்: "இந்தக் காருன்னா அவருக்கு உசுரு. நான் கூப்புட்டா மட்டும் திரும்ப மாட்டாரு. எம்மேல என்ன வெறுப்போ, கடேசி வரைக்கும் சொல்லல."

எனக்குப் பொறுக்கவில்லை, மச்சான். உங்களுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா அழவில்லை. பாட்டைப் போடச் சொன்னாள். நீங்கள் கை வைத்த அதே இடத்தில் தன் கையை வைத்தாள். பாட்டு முடிந்தும் எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அப்ப, பின்னால நின்னு கத்துனதுக்குப் பதிலா, கிட்டப் போயி ஒருக்கா தோளத் தொட்டிருந்தா திரும்பியிருப்பாரில்லடா?" என்று கேட்டாள்.

அந்த இடத்தை ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. திரும்பியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். அதை எந்த முகத்தோடு அவளிடம் போய்ச் சொல்வது?