மூன்று பேட்டரியும் ஒரு பொய்யும்

பிப்ரவரி 2, ஞாயிறு

மச்சான் வந்திருந்தான். "அக்கா போனதுக்கப்புறம் நாம யாரும் ஆத்துப் பக்கமே போகல மாமா. இருபத்திமூணாந்தேதி எல்லாரும் போறோம். வேன் என்னோடது" என்றான். சரி என்றேன். அதோடு அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கிடையாது. அன்னிக்கு மாதிரியே நீங்கதான் பத்த வைக்கணும். என் பசங்க பாக்கட்டும்."

மகள் கை தட்டினாள். நானும் பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டிவிட்டேன்.

பிப்ரவரி 3

வசமாக மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 5, புதன்

எந்த வீட்டில் எந்த ஒயரை மாற்றினேன் என்பதைத் தவிர இந்த நோட்டில் நான் வேறெதுவும் எழுதியதில்லை. இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. எழுதியாவது வைக்கிறேன்.

அந்தத் தீயை நான் பற்ற வைக்கவில்லை. என் மனைவிதான் பற்ற வைத்தாள்.

கல்யாணமாகி நான்காவது மாதம் அது. மச்சான் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஆற்றில் குதித்துவிட்டான். சமையல் சாமான் எல்லாம் இருக்கிறது, ஏழு வயிறு காய்கிறது, நெருப்பு இல்லை. மற்றவர்களை இழுத்துக்கொண்டு எங்கேயாவது நெருப்பு கிடைக்குமா என்று கேட்கப் போனான். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் மரச்சாமான் பாலிஷ் போடும் கடையில் வேலை பார்த்தவள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, உப்புத்தாளும் மரம் தேய்க்கும் இரும்புப் பஞ்சும் இருக்கும். "உங்க டார்ச்சைக் குடுங்க" என்றாள். உள்ளேயிருந்த மூன்று பேட்டரியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க வைத்தாள். பஞ்சை நீளமாகப் பிரித்து இரண்டு முனையிலும் தொட்டாள். இழை இழையாகச் சிவந்து ஓடியது. அதைக் காய்ந்த புல்லில் பொதிந்து, கன்னம் உப்ப ஊதினாள். புகை பட்டுக் கண் கலங்க, என்னைப் பார்த்துச் சிரித்தாள். இருபத்தாறு வருஷமாகிறது.

போனவர்கள் திரும்பியபோது அவள் பாத்திரம் கழுவ ஆற்றில் இறங்கியிருந்தாள். டார்ச்சும் கையுமாக நான் தீக்குப் பக்கத்தில் நிற்கிறேன். "எலக்ட்ரீசியன் கைன்னா சும்மாவா!" என்று மச்சான் முதுகில் தட்டினான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

நடந்தது அவ்வளவுதான். அப்புறம் வருஷா வருஷம் அதே ஆற்றங்கரை, அதே கதை. ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு கை, ஒரு கால் முளைத்தது. வோல்ட் கணக்கெல்லாம் விளக்குவேன். அவள் என் இடதுபக்கம் உட்கார்ந்து, குச்சியால் தணலைக் கிளறியபடி "அப்புறம்ம்ம்?" என்று இழுப்பாள். அவ்வளவுதான். கோபித்ததும் இல்லை, காட்டிக்கொடுத்ததும் இல்லை.

ஏன்டா சொல்லல? ஒரு வார்த்தைதானே? அவ உசிரோட இருக்கும்போதே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

பிப்ரவரி 9, ஞாயிறு

மொட்டைமாடி. மூன்று பேட்டரி, சமையலறையிலிருந்து எடுத்த பாத்திரம் தேய்க்கும் கம்பி. தொட்டேன், தேய்த்தேன், அழுத்தினேன். ஒரு பொறி வரவில்லை.

பிப்ரவரி 12

ஆறு பேட்டரி போட்டுப் பார்த்தேன். கம்பி சுட்டது, பற்றவில்லை. கட்டைவிரலில் கொப்புளம். மகள் கேட்டதற்கு, அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் என்றேன். பொய் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வெட்கத்தை விட்டு அந்தப் பாலிஷ் கடைக்கே போனேன். அவளோடு வேலை பார்த்த அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் கொண்டுபோன கம்பியைப் பார்த்துவிட்டு அடக்க முடியாமல் சிரித்தார்.

"இது எவர்சில்வருண்ணே. விடிய விடியத் தேச்சாலும் பத்தாது. வெறும் இரும்பா இருக்கணும், தலைமுடி மாதிரி மெல்லிசா இருக்கணும்."

முப்பது வருஷ எலக்ட்ரீசியன் நான். மின்சாரம் போதவில்லை என்றே நினைத்து பேட்டரியை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தேன். கையில் இருப்பது என்ன கம்பி என்று பார்க்கத் தோன்றவில்லை.

கடைக்கோடி அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் தந்தார். "அவங்களோடது. தூக்கிப்போட மனசு வரல." எண்ணெய்த்தாளில் சுற்றிய இரும்புப் பஞ்சு. அவள் போய் இரண்டு வருஷமாகியும் துளித் துரு இல்லை. மேலே நூலைச் சுற்றி அவள் எப்போதும் போடும் இரட்டை முடிச்சு. கடையிலேயே அழுதுவிட்டேன்.

பிப்ரவரி 17

ஒரு சிட்டிகை எடுத்து மாடியில் தொட்டுப் பார்த்தேன். உடனே பற்றியது. குதித்திருக்க வேண்டும், குதிக்கத் தோன்றவில்லை. இனி அந்தப் பொய்யைப் பக்காவாகச் சொல்லலாம். சாகும்வரை யாருக்கும் சந்தேகம் வராது. அவள் பஞ்சை வைத்தே அவளை மறைத்துவிடலாம்.

பிப்ரவரி 22

டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். கல் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

பஞ்சைப் பிரித்தேன், தொட்டேன், புல்லில் பொதிந்து ஊதினேன். மூன்றாவது ஊதலில் சுடர் வந்தது. மச்சான் பசங்கள் கத்திக் குதித்தன. மச்சான் முதுகில் தட்டக் கையை ஓங்கினான்.

"நான் இல்லடா" என்றேன். "அன்னிக்குப் பத்த வெச்சது உங்கக்கா. நான் சும்மா உக்காந்து உன்னைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. "இத்தனை வருஷமா, மாமா?"

"ஆமா."

"அக்கா பக்கத்துலயே உக்காந்திருக்கும்போதா?"

"ஆமா."

அவன் எழுந்து வேனுக்குப் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டான். இனி இவன் என் முகத்தில் முழிக்க மாட்டான் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியதுதான்.

மகள் நகர்ந்து வந்து என் இடதுபக்கம் உட்கார்ந்தாள். ஒரு குச்சியை எடுத்துத் தணலைக் கிளறினாள்.

"அப்புறம்ம்ம்?" என்றாள்.

அதே இழுப்பு. "உங்கம்மா கைப்பையில சீப்பே இருக்காது" என்று ஆரம்பித்தேன். வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"முதல்ல இருந்து சொல்லுங்க மாமா" என்றான்.